நடந்து வந்தவர்

அப்பா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். என்னைப் பற்றி நான் முதன்முதலில் தெரிந்துகொண்ட விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் மூன்று மைல். சைக்கிள் கேட்டபோது, "மணிப்பூர் மலையைக் காலாலேயே தாண்டினேன்டா" என்றார். பிறகு நான் கேட்கவில்லை; கேட்டதே சிறுமையாகப் பட்டது. வேலையை விட்டுவிட்டு எழுத வந்தபோது என்னைத் தாங்கியதும் அந்த நடைதான். சௌகரியம் தேடுகிறவர்கள்மேல் எனக்கிருந்த இளக்காரமும் அதிலிருந்தே வந்தது.

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர். அங்கே ஒரு வட்டிக்கடையில் பெரியப்பா அடுத்தாள், அப்பா பெட்டியடிப் பையன். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் ரங்கூன்மேல் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. அதற்குள் கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பி வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும் கிளம்பினார்கள். வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறு பாதை என்ற புகார் அப்போதே எழுந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல்லாயிரம். சரியாக எண்ணியவர் யாருமில்லை.

அப்பா 1987இல் இறந்தார். அவருடைய தகரப்பெட்டியில் இரண்டு தபால் கார்டுகள் இருந்தன. முதலாவது, 1942 ஜனவரியில் பாட்டிக்கு அப்பாவே எழுதியது: சௌக்கியமாகச் சென்னையில் கப்பல் இறங்கிவிட்டேன், ஒரு சீட்டுத்தான் கிடைத்தது, அண்ணன் அடுத்த கப்பலில் வருவான். இரண்டாவது அதே வருஷம் ஆகஸ்டில் வந்தது. பெரியப்பாவுடன் நடந்த ஒருவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதியிருந்தார். தமுவைத் தாண்டி இரண்டாம் நாள் காலரா; குழி தோண்ட யாருக்கும் தெம்பில்லை; மன்னிக்கவும்.

பெரியப்பா ரங்கூனில் குண்டு விழுந்து செத்தார் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

முதலில் கோபம் வந்தது. ஏமாற்றப்பட்டது நான் மட்டுமல்ல, இறந்தவரும்தான். அவருடைய சாவையே அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். பிறகு வேறொரு சங்கடம். அந்த நடை பொய்யென்றால், அதை வைத்து நான் கட்டிக்கொண்ட நான் யார்? மூன்று மைல் நடந்த என் கால்கள் பொய்யில்லையே.

அனுபவ உண்மை என்று நம் வட்டாரத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். தான் பட்டதைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது என்று நானும் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் என் சுயத்தின் அஸ்திவாரமே நான் படாதது, சொன்னவரும் படாதது. ஒருவனை உருவாக்குவது நடந்த சரித்திரம் அல்ல, அவனுக்குச் சொல்லப்பட்ட சரித்திரம். இதை ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இல்லை.

இதனால் உண்மையும் பொய்யும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கார்டுகள் சொல்வதுதான் நடந்தது. ஆனால் அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது என்பதும் சரித்திரத்தில் சேர்ந்ததே. ஒரு சீட்டில் தான் ஏறி, அண்ணனைக் கரையில் விட்டு வந்தவர் அப்பா. நடந்து வந்தவர்களையெல்லாம் தேடிப்போய் உட்கார வைத்துக் கேட்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எந்த ஓடையில் தண்ணீர் இல்லை, எந்தச் சரிவில் வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தப்பியவரின் குற்ற உணர்வு நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பாதையிலேயே நடந்திருக்கிறது. எங்களிடம் ஒரு தடவையாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் தீரவில்லை.

பெரியப்பாவின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. அப்பா தன்னுடையதென்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நடையைத் தவிர, அவருடையது என்று எங்களிடம் வேறெதுவும் மிஞ்சவில்லை.