பொறியை உடைத்தவரும் பொறிக்குக் கற்பித்தவரும்

புதிய பொறிகளை வெறுப்பவரை ஆங்கிலத்தில் 'லட்டைட்' என்று பழித்துரைப்பது வழக்கம். உரையும் படமும் தானே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஐயம் எழுப்புவோர்க்கும் இன்று இப்பட்டமே சூட்டப்படுகிறது. அப்பெயருக்கு உரியவர் யாவர் என்று வரலாற்றைச் சற்றே புரட்டினால், இப்பழி அவர்க்குச் சிறிதும் பொருந்தாது என்பது புலனாகும்.

1811-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்துக் காலுறைத் தொழிலாளர் பட்டறைகளுள் புகுந்து பின்னற்பொறிகளைச் சம்மட்டியால் உடைக்கலாயினர். அப்பொறி அவர்க்குப் புதியதா? அன்று. வில்லியம் லீ என்பார் 1589-இலேயே அதனை அமைத்துவிட்டார். அதனை இயக்கியே அவர்தம் முன்னோரும் பிழைத்து வந்தனர். பின், சினம் எதன்மேல்? அகன்ற பொறியில் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, விரைவில் பிரிந்துபோகும் மலிவுக் காலுறைகளை முதலாளிமார் விற்கத் தலைப்பட்டனர். முறையாகத் தொழில் பயிலாதவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்தினர். அச்சிறு கூலியிலிருந்தே பொறிக்கு வாடகையும் கட்ட வேண்டும்! ஒழுங்கான கூலி தந்தவரின் பொறிகளைத் தொழிலாளர் பல இடங்களில் தொடவே இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1812-இல் நாடாளுமன்றம் பொறி உடைத்தலுக்கு மரண தண்டனை விதித்தது. பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியவருள் கவிஞர் பைரன் ஒருவர். அதுவே அங்கு அவரது கன்னிப் பேச்சு.

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்கப் பொருளியலறிஞர் எரிக் பிரினியோல்ஃப்சனும் அவர்தம் துணைவர் இருவரும் 2023-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வாடிக்கையாளரின் ஐயங்களுக்கு எழுத்து வழியே விடையளிக்கும் 5,000-க்கு மேற்பட்ட பணியாளரை அவர்கள் ஆராய்ந்தனர். செயற்கை நுண்ணறிவு, இன்ன விடை தருக என்று அருகிருந்து சொல்லிக் கொடுத்தபோது, ஒரு மணி நேரத்தில் தீர்த்த குறைகள் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு கூடின. இரண்டு திங்கள் பழகியவர், அத்துணையின்றி ஆறு திங்களுக்கு மேல் பணியாற்றியவர்க்கு நிகராயினர். தேர்ந்த பழம்பணியாளர்க்கோ வேகம் சிறிதே கூடியது. தரம் சற்றுக் குறையவும் செய்தது.

இதன் காரணமே எனக்குப் பெரிதும் கருதத்தக்கதாகத் தோன்றுகிறது. அக்கருவி எவரிடம் கற்றது? பணியாளரின் பழைய உரையாடல்களிலிருந்து, சிறந்தவர் எவ்வாறு விடையளித்தனர் என்பதையே கற்றது. வல்லவன் பல்லாண்டு பழகித் தேர்ந்த நயம், நேற்று வந்தவன் கைக்கு ஒரு நொடியில் சேர்கிறது. நேற்று வந்தவனுக்கு அது வாழ்வு; அதனை நான் குறைத்துரைக்க மாட்டேன். ஆயின், கற்பித்தவனுக்குக் கூலி யாது? நாட்டிங்காம் தொழிலாளர் கேட்ட கேள்விக்கு இது நெருங்கிய உறவுடையது அன்றோ?

அதே 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் மே 2 முதல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. ஊதியம் முதலிய கோரிக்கைகளோடு இப்பொறியும் அங்கே வழக்குப் பொருளாயிற்று. உடன்பாட்டின்படி, எழுத்தாளர் எனும் தகுதி பொறிக்கு இல்லை. அதனைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தலும் ஆகாது. பொறி ஆக்கிய பகுதி எதனையேனும் அவரிடம் கொடுத்தால் அதனை மறைத்தலாகாது. எழுத்தாளர் படைப்புகளைக் கொண்டு பொறியைப் பயிற்றுதல் முறையா என்பதில் மட்டும் முடிவு எட்டப்படவில்லை. அதனைத் தடுக்கக் கோரும் உரிமையைச் சங்கம் தன்னிடமே நிறுத்திக்கொண்டது.