கரை அரிப்பு: ஜவ்வாது மலை ஆறுகள்

ஓடும் நீரோ அலையோ கரையின் அடியைக் குடைய, மேலே நிற்கும் மண் சரிந்து விழுவதே கரை அரிப்பு. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, நாகநதி, கமண்டல நதி ஆகியவற்றின் கரைகள் குலைந்த கதையை வெள்ளங்களின் பட்டியலாக எழுதுவதே வழக்கம். அது போதாது. கரையை இறுகப் பிடித்திருந்தது எது, அந்தப் பிடி எப்போது தளர்ந்தது என்று கேட்டால்தான் இந்த வரலாறு விளங்கும். பிடி தளர்ந்தால் கரை சரியும் என்பதற்குத் துல்லியமான சான்று வடதுருவப் பகுதியில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலத்தில் மண்ணை ஒட்டவைக்கும் சாந்து பனிக்கட்டிதான். கோடையில் நீர் பட்டு அது உருகும்போது கரையடியில் குகைபோல் பள்ளம் விழுகிறது. மேல்மண் பெரும் பாளங்களாக முறிகிறது. அலாஸ்காவின் ட்ரூ முனையை ஒட்டிய கடலோரத்தில் 1955–1979 காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 மீட்டராக இருந்த அரிப்பு, 2002–2007இல் 13 மீட்டரைத் தாண்டியது. அதே அலாஸ்காவில் நிங்லிக் ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்ததால் நியூடாக் கிராமத்தார் 2019 முதல் மெர்டார்விக் என்ற புது ஊருக்குக் குடிபெயர்ந்தனர்.

ஜவ்வாதில் அந்தச் சாந்தின் வேலையை வேர்கள் செய்தன. ஆற்றோரத்தில் நீர்மருதும் புங்கனும் நாணலும் மண்ணைப் பிடித்துக்கொண்டன. மேலே காட்டுச் சருகு மழையை உறிஞ்சி மெல்ல மெல்ல ஓடைக்கு விட்டது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. அக்கால இன்ஜின்கள் விறகைத் தின்றதால் காடுகள் வெட்டப்பட்டன. காடு குறைவது அரசுக்கே கவலையாகி, 1882இல் சென்னைக் காடுகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் மலைச்சரிவைக் காத்தது. சமவெளியில் ஆற்றோரம் அதன் பார்வைக்கு வெளியே நின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணல் அள்ளுவது பெருகியபோது அடி விழுந்தது அங்கேதான். படுகை தாழத் தாழக் கரையின் உயரம் கூடும். மண்ணுக்குள் இருந்த வேர் வெளியே தொங்கும். சாதாரண ஐப்பசி வெள்ளமே அடியைக் குடைந்துவிடும். 2003இல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. அள்ளுபவர் மாறினாலும் பள்ளம் பள்ளமே.

1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த, பக்கத்துப் பாலாற்றின் வெள்ளத்தை எந்த வேர் தடுத்திருக்கும் என்று கேட்கலாம். எதுவும் தடுத்திருக்காது, மேலே ஏரிகள் உடைந்து வந்த நீர் அது. ஆனால் அத்தகைய வெள்ளம் தலைமுறைக்கு ஒருமுறை வருவது. நடுத்தர வெள்ளத்துக்கே கரை ஆண்டுதோறும் சரிவதற்கு அது விடையாகாது. பனி வெப்பத்தால் உருகுகிறது, வேர் மனிதக் கையால் போகிறது, இரண்டையும் ஒப்பிடலாமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. துருவத்திலும் வெப்பம் மட்டுமே காரணமில்லை. கடற்பனி விலகி நிற்கும் நாட்கள் கூடியதால் அலைக்கும் வலு கூடியிருக்கிறது. காரணங்கள் வேறு என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஒப்புமை காரணத்தில் இல்லை, சரிவு தொடங்கும் இடத்தில் இருக்கிறது: இரண்டிலும் முதலில் போவது கரையின் கால். வேறுபாடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உருகிய உறைநிலத்தை மீண்டும் உறையவைக்க நியூடாக் மக்களிடம் வழியில்லை. நாகநதிப் படுகையிலோ, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பெண்கள் நீர்செறிவுக் கிணறுகள் வெட்டினார்கள். ஓடைகளின் குறுக்கே கல்லடுக்கித் தடுப்புகள் எழுந்தன. மழைநீரின் வேகம் அதனால் மேட்டிலேயே தணிகிறது. கீழே கரையோரம் நாணலும் மருதும் மறுபடி வேர்பிடிக்க, படுகை மணலை அள்ளாமல் விடுவதே மீதமுள்ள வேலை.