அரங்கம் சிரித்த இரவு



சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கலை இரவில் மாணவர்கள் அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தை நடித்தார்கள். சந்திரமதியாக நடித்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி. ஆறு வாரம் ஒத்திகைக்கு வந்து, வசனத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் மனனம் செய்திருந்தாள். மேடையில் அவள் அழுதது நடிப்பன்று. கன்னத்தில் உண்மையான கண்ணீர் வழிந்தது. அவள் மடியில் பாம்பு தீண்டிய லோகிதாசனாகக் கிடந்த முதலாம் ஆண்டுச் சிறுவனுக்கு அந்நேரம் பார்த்து மூக்கு அரித்துவிட்டது. கையை உயர்த்திச் சொறிந்துகொண்டான். முன் வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த நொடியில் மண்டபமே சிரித்தது.

அவள் வசனத்தை நிறுத்தினாள். உதவிக்காக மேடையின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். அப்போது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மீதி வசனத்தை வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல் வேகமாக ஒப்பித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இந்த ஆண்டு நாடகத்தில் நடிக்க விரும்புவோர் யார் என்று வகுப்பில் கேட்டபோது அவளுடைய கை உயரவில்லை. அன்று முதல் என் மனத்தில் ஒரு பழைய இரவு வந்து வந்து போகிறது. நம் ஊரில் நிகழ்ந்ததன்று, ரஷ்யாவில் நிகழ்ந்தது. பார்வையாளரின் சிரிப்பு ஒரு நாடகத்தையும் அதை எழுதியவரையும் என்ன செய்யும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எனவே பெற்றோரும் சக ஆசிரியர்களும் சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1896 ஆம் ஆண்டு அக்டோபர் 17 (பழைய ரஷ்ய நாள்காட்டியின்படி). இடம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கம். அரசின் ஆதரவில் நடந்த பெரிய அரங்கம் அது. அன்றைய நாடகம் 'கடற்பறவை'. எழுதியவர் அந்தோன் செகாவ். சிறுகதை ஆசிரியராக அவர் அப்போதே புகழ் பெற்றிருந்தார்; தொழிலால் மருத்துவர். முந்தைய ஆண்டின் இறுதியில் மெலிகோவோ என்னும் சிற்றூரிலிருந்த தம் வீட்டில் இந்நாடகத்தை எழுதியிருந்தார்.

அந்த இரவு செகாவின் இரவு அன்று என்பதே முதற்சிக்கல். எலிசவேத்தா லெவ்கேயெவா என்னும் நகைச்சுவை நடிகை மேடையேறி இருபத்தைந்து ஆண்டு நிறைவுற்றதைக் கொண்டாடும் பெனிபிட் இரவு அது. நம் பழைய நாடகக் கம்பெனிகளிலும் பெனிபிட் நாடகம் உண்டு. ஒரு நடிகருக்காக ஒரு காட்சி நடத்தி அதன் வசூலை அவருக்கு அளிப்பார்கள். லெவ்கேயெவா மேடையில் தோன்றினாலே மக்கள் சிரிப்பார்கள். அவரைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்களே அன்று நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கை நிறைத்திருந்தார்கள். ஆனால் 'கடற்பறவை'யில் அவருக்கு வேடமே இல்லை. அதன்பின் நடக்கவிருந்த வேறொரு நகைச்சுவை நாடகத்தில்தான் அவர் நடித்தார். போதாக்குறைக்குச் செகாவ் தம் நாடகத்தின் தலைப்பின்கீழ் 'நான்கு அங்கங்கள் கொண்ட இன்பியல் நாடகம்' என்று எழுதி வைத்திருந்தார்! சிரிக்க வந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

ஒத்திகைகளோ பத்துக்கும் குறைவு. நீனா என்னும் இளம்பெண்ணின் வேடத்துக்கு முதலில் குறிக்கப்பட்டிருந்த புகழ்மிக்க நடிகை சாவினா விலகிக்கொள்ள, வேரா கொமிஸார்ஷெவ்ஸ்கயா கடைசி நேரத்தில் அவ்வேடத்தை ஏற்றார்.

இனி நாடகத்தின் முதல் அங்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் ஒரு சிறு மேடை. த்ரெப்லெவ் என்னும் இளைஞன் புதுமையான நாடகம் ஒன்றை எழுதி, தான் காதலிக்கும் நீனாவை அதில் நடிக்க வைக்கிறான். அவனுடைய தாய் அர்க்காதினா பெயர் பெற்ற நடிகை. உலக உயிர்கள் யாவும் அழிந்துபோன பின்னுள்ள காலத்தைப் பற்றி நீனா நீண்ட தனிமொழி பேசுகிறாள். பார்க்க அமர்ந்த தாயோ நடுவே ஏளனமாகப் பேசுகிறாள். பக்கத்தில் இருப்பவர்களிடம் கேலி செய்கிறாள். மனம் பொறாத மகன் ஆட்டத்தை நிறுத்தித் திரையைப் போடச் சொல்லிவிட்டு ஓடிப்போகிறான்.

மேடையில் கற்பனையாக நடக்க வேண்டிய இந்நிகழ்வு அன்று அரங்கத்திலும் நடந்தது. நீனாவின் தனிமொழி தொடங்கியதும் கீழே சிரிப்பு எழுந்தது. அர்க்காதினா சிரிப்பதற்கு முன்பே மக்கள் சிரித்துவிட்டார்கள். பின்னர்ச் சோகமான இடங்களிலும் சிரித்தார்கள், சீழ்க்கை அடித்தார்கள், ஒருவரோடொருவர் பேசினார்கள். நடிகர்கள் நிலைகுலைந்தனர். இரண்டாம் அங்கத்தோடு செகாவ் தம் இருக்கையை விட்டு எழுந்து மேடைக்குப் பின்புறம் போய் ஒதுங்கிக்கொண்டார். நாடகம் முடிந்தபின் யாரிடமும் சொல்லாமல் வெளியேறி, இரவு நெடுநேரம் நகர்த் தெருக்களில் திரிந்தார். எழுநூறு ஆண்டு உயிர் வாழ்ந்தாலும் இனி நாடகம் தரப்போவதில்லை என்று தம் பதிப்பாள நண்பர் சுவோரினிடம் சொல்லிவிட்டு, மறுநாளே தொடர்வண்டி ஏறி ஊர் திரும்பினார். நாடகத்தைக் காண வந்திருந்த தங்கையிடம்கூட விடைபெறவில்லை.

நான்கு நாள் கழித்து அதே அரங்கில் அதே நடிகர்கள் அதே நாடகத்தை இரண்டாம் முறை நடித்தார்கள். இம்முறை பெனிபிட் இல்லை. செகாவின் நாடகத்தைப் பார்க்க விரும்பியவர்கள் வந்திருந்தார்கள். அமைதியாகப் பார்த்தார்கள், மனமுவந்து கைதட்டினார்கள். கொமிஸார்ஷெவ்ஸ்கயா அன்றிரவே மகிழ்ச்சி பொங்கச் செகாவுக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் முதல் இரவின் கெட்ட பெயர் நாளேடுகள் வழியே ஊரெங்கும் பரவியிருந்தது. ஐந்தே காட்சிகளோடு நாடகம் நிறுத்தப்பட்டது.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். சொற்கள் மாறவில்லை, நடிகர்கள் மாறவில்லை, மேடையும் மாறவில்லை. மாறியது கீழே அமர்ந்திருந்தவர்கள் என்ன எதிர்பார்த்து வந்தார்கள் என்பது மட்டுமே.

எங்கள் கலை இரவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். மயான காண்டத்துக்கு முந்தைய நிகழ்ச்சி பாலர் பள்ளிப் பிள்ளைகளின் கோழிக்குஞ்சு நடனம். மஞ்சள் உடையில் ஒரு குஞ்சு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று அம்மாவைத் தேடி அழுதது. மண்டபம் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சந்திரமதி பிணத்தைச் சுமந்துகொண்டு வந்தாள். அந்நிரலைத் தயாரித்தவன் நான்.

நகை எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்திருக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள். பயிற்சிக் கல்லூரியில் தேர்வுக்காக இதனை மனனம் செய்ததோடு சரி. வாழ்க்கையில் பொருத்திப் பார்த்ததில்லை. மூக்கைச் சொறிந்த சிறுவனைப் பார்த்து எழுந்தது இளமை காரணமாக வந்த நகை. அதில் தீங்கில்லை, பிள்ளைகளின் செய்கை கண்டு யார்தான் சிரிக்க மாட்டார்? ஆனால் மேடையில் நின்ற பெண்ணின் காதில் அது எள்ளலாகவே விழுந்தது. சிரிப்பவருக்கு ஒன்றாகவும் கேட்பவருக்கு வேறொன்றாகவும் இருக்கும் இந்த இரட்டைத்தன்மையை நாம் வகுப்பறையில்கூட மறந்துவிடுகிறோம்.

எல்லாச் சிரிப்பும் இவ்வாறு தற்செயலாக வருவதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் பாரிசு அரங்குகளில் கைதட்டுவதற்கென்றே கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். அவர்களுள் நகைச்சுவைக்கு உரக்கச் சிரிப்பவர் தனி, சோகக் காட்சிக்குக் கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பவர் தனி. 1830 பிப்ரவரி 25 அன்று விக்டர் யூகோவின் 'எர்நானி' அரங்கேறியபோது, பழைய மரபை விரும்பியவர்கள் அதனைக் கேலி செய்து கவிழ்க்கக் காத்திருந்தார்கள். யூகோ கூலிக் கைதட்டிகளை மறுத்துவிட்டு, தம்மை விரும்பிய இளங்கலைஞர்களை அரங்கில் நிறைத்தார். அங்கே சிரிப்பும் கைதட்டலும் இரண்டு படைகளின் ஆயுதங்களாயின. பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது அத்தகைய போரன்று. பெரும்பாலோர் எவ்வகைக் கெட்ட எண்ணமும் இன்றியே சிரித்தார்கள். அதனால்தான் அது எனக்கு அதிகம் உறைக்கிறது.

நம் மேடை மரபிலும் பார்வையாளர் சும்மா இருந்தவரல்லர். 'ஒன்ஸ் மோர்' என்று ஒரு குரல் எழுந்தால், இறந்து கிடந்த பாத்திரம் எழுந்து மறுபடியும் பாடிவிட்டு மறுபடியும் இறக்கும் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடிய விடிய நடந்த நாடகங்களில் பபூன் வந்து மக்களோடு நேரடியாகப் பேசிச் சிரிக்க வைப்பார். அது ஒரு தனி உறவு. அந்தக் கலகலப்பை ஒழுங்கீனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அம்மரபில் சிரிக்க வேண்டிய நேரத்தைப் பபூனே காட்டிக்கொடுத்தார். அவர் உள்ளே போனதும் அழுகைக்கு இடம் விட்டு மக்களும் அடங்கினார்கள். நான் தயாரித்த நிரலில் அந்தக் குறிப்பைத் தர ஒருவரும் இல்லை.

செகாவின் கதைக்குத் திரும்புவோம். 1898 இல் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, நெமிரோவிச் தன்செங்கோ ஆகிய இருவரும் மாஸ்கோவில் புதியதோர் அரங்கைத் தொடங்கினார்கள். செகாவ் முதலில் மறுத்தார். நெமிரோவிச்தான் விடாமல் கேட்டு 'கடற்பறவை'க்கு இசைவு பெற்றார். இடைப்பட்ட 1897 இல் செகாவுக்கு நுரையீரலிலிருந்து இரத்தம் கொட்டி, காசநோய் உறுதியாகியிருந்தது. எனவே அவர் தெற்கே யால்டாவில் தங்கியிருந்தார். 1898 டிசம்பர் 17 அன்று மாஸ்கோவில் நாடகம் அரங்கேற இருந்த வேளையில் அவருடைய தங்கை மரியா அரங்குக்கு வந்து, நாடகத்தைத் தள்ளி வைக்குமாறு கண்கலங்க வேண்டினார். மீண்டும் ஒரு சிரிப்பு எழுந்தால் நோயுற்ற அண்ணன் தாங்கமாட்டார் என்று அவர் அஞ்சினார். பீட்டர்ஸ்பர்க் அரங்கில் அமர்ந்து அந்தச் சிரிப்பைத் தம் காதால் கேட்டவர் அல்லவா?

நடிகர்கள் நடுங்கிக்கொண்டே நடித்தார்கள். நரம்புத் தளர்ச்சிக்குரிய மருந்தைக் குடித்துவிட்டு மேடையேறியதாக ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் நூலில் எழுதியிருக்கிறார். முதல் அங்கம் முடிந்து திரை விழுந்தது. அரங்கில் ஓசை இல்லை. எல்லாம் தொலைந்தது என்று எண்ணி மேடையிலிருந்தவர்கள் அழும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நெடிய அமைதிக்குப் பின்னரே கைதட்டல் இடியாக எழுந்தது. பிற்காலத்தில் அந்த அரங்கம் கடற்பறவையையே தன் சின்னமாகத் திரையில் தீட்டிக்கொண்டது.

அந்த அமைதி தானாக வந்ததன்று. மாஸ்கோ அரங்கத்தார் பெனிபிட் இரவுகளை ஒழித்தார்கள். அங்கங்களுக்கு நடுவே இசைக்குழு வாசிப்பதை நிறுத்தினார்கள். விளக்கை மெல்ல மங்கச் செய்து, திரை எழும் முன்பே மக்கள் இருக்கையில் அடங்கப் பழக்கினார்கள். செருமனியில் வாக்னர் 1876 இல் தம் பைராய்ட் அரங்கை இருட்டாக்கி ஒரு புதிய வழக்கத்துக்கு வலுவூட்டியிருந்தார். இன்று நாம் இயல்பு என்று கருதும் இருண்ட, அமைதியான அரங்கம் மிகப் பழையதன்று. ஒருவர் பின் ஒருவராகச் சிலர் மெனக்கெட்டு உண்டாக்கியது.

1917 இன் புரட்சிக்குப் பின் முன்னெப்போதும் அரங்குக்குள் நுழையாத மக்கள் திரளாக வந்தபோது ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பேசாமல் இருப்பது, உரிய நேரத்தில் வருவது, புகைக்காமல் இருப்பது, கொட்டைகளைக் கொறிக்காமல் இருப்பது ஆகியவற்றைக் கற்பித்ததாக அவரே எழுதுகிறார். சில வேளை திரைக்கு முன் வந்து நடிகர்களின் சார்பில் மன்றாடியிருக்கிறார். ஒருமுறை பொறுமை இழந்து கடிந்தும் பேசிவிட்டார். எவ்வளவு பெரிய மேதை! கலை இரவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "தயவுசெய்து அமைதி காக்கவும்" என்று கெஞ்சும் ஆசிரியர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

செகாவ் தம் நாடகத்தை அந்நடிகர்கள் நடிக்கக் கண்டது 1899 மே முதல் நாளில். அவருக்காகவே, காட்சித்திரைகள்கூட இல்லாமல், சிலர் மட்டும் அமர்ந்திருந்த அரங்கில் நடித்துக் காட்டினார்கள். நீனாவாக நடித்தவர் அளவுக்கு மீறித் தேம்பி அழுததை அவர் விரும்பவில்லை. தம் நாடகங்கள் இன்பியலே என்று இறுதிவரை வாதிட்டார். மக்கள் சிரிக்கக் கூடாது என்று அவர் ஒருபோதும் எண்ணியதில்லை.

இந்த ஆண்டு நிரலை மாற்றியிருக்கிறேன். கோழிக்குஞ்சுகள் இறுதியில் வரும். நாடகத்துக்கு முன் ஐந்து நிமிட இடைவேளை. பின்னர் மண்டப விளக்குகளை அணைப்போம். கதையை மூன்று வரியில் அறிவிப்பாளர் சொல்வார். ஒத்திகையின்போது நான்காம் ஆண்டு மாணவர்களைக் கீழே அமரவைத்து வேண்டுமென்றே சிரிக்கச் சொல்கிறேன்; மேடையில் இருப்பவர்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து தொடரப் பழகுகிறார்கள்.

சென்ற ஆண்டுச் சந்திரமதி இப்போது ஆறாம் ஆண்டு. சென்ற வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்தபின் அவளை அழைத்து, அன்று நான் சிரித்தது தவறு என்று சொன்னேன். செகாவின் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். "அந்தப் பையன் திரையைப் போடச் சொன்னதும் யார் சார் திரையை இழுத்தாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பணியாளர் யாராவது இருந்திருப்பார்கள் என்றேன்.

நடிக்க வருகிறாயா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்தாள். திரைக்கயிற்றைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். சரி என்றேன். புதன்கிழமை ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்பே வந்து கயிற்றருகில் நின்றுகொண்டிருந்தாள்.