பகல் விளக்கும் பனி ஒதுக்கும் லாரியும்

நம் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் பட்டப்பகலிலும் விளக்கெரியச் செல்கின்றன. மலேசியாவில் 1992ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டிலும் இது கட்டாயமாயிற்று. இவ்விளக்கு வழியைக் காண்பதற்கன்று. பிறர் கண்ணில் படுவதற்கு. பனி கொட்டும் நாடுகளில் இதே பகல் விளக்கு ஒரு வகை லாரிக்குத் தொல்லையாக முடிந்தது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

வட ஐரோப்பாவில் குளிர்காலத்துக் கதிரவன் அடிவானத்தை ஒட்டியே நகரும். பகலும் மங்கலாயிருக்கும், எதிரே வரும் வண்டி எளிதில் தெரியாது. ஆகவே பின்லாந்து, 1972இல் நகருக்கு வெளியேயுள்ள சாலைகளில் குளிர்காலப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. சுவீடன் 1977இல் அதை ஆண்டு முழுவதற்கும் விதித்தது. கனடாவோ ஓட்டுநரின் நினைவை நம்பவில்லை. 1989 டிசம்பர் முதல் தயாராகும் புதிய வாகனங்களில் பகல் விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்றது.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. கனடாவில் பனி விழத் தொடங்கியதும் பலர் தங்கள் சிறு லாரியின் முன்னே பெரிய இரும்புத் தகட்டைப் பூட்டிப் பனியை ஒதுக்குவர். தகட்டை உயர்த்திக்கொண்டு சாலையில் செல்கையில், அது முன்விளக்குகளை மறைத்துவிடும். அதற்காகத் தகட்டுக்கு மேலே தெரியும்படி வேறு இரு விளக்குகளைப் பொருத்தி, மின்சாரத்தை அவற்றுக்குத் திருப்பிவிடுவது வழக்கம்.

ஆனால், பகல் விளக்கு ஓட்டுநரின் சுவிட்சுக்குக் காத்திராமல் எரிவது. பழைய கம்பி இணைப்பு அதைக் கணக்கில் கொள்ளவில்லை. கீழ் விளக்கு தகட்டின் முதுகில் ஒளியைக் கொட்டியது. விடியற்காலையிலும் அந்தியிலும் அந்த ஒளி திரும்பி ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்தது. எதிரே வருபவருக்கோ அவ்விளக்கு தெரியவே இல்லை! சட்டம், தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டியை எண்ணி எழுதப்பட்டது. தகடோ அதன் பிறகு பூட்டப்படுவது.

இதற்கும் வழி பிறந்தது. பகல் விளக்கின் மின்சாரத்தையும் ரிலே மூலம் மாற்றிவிடும் இணைப்புகள் வந்தன. தகட்டைப் பூட்டினால் மேல் விளக்கு எரியும். கழற்றினால் கீழ் விளக்கு எரியும்.

நேயர்களே, நமக்குப் பனியில்லை. ஆனால், மோட்டார் சைக்கிளின் முன்னே பையைத் தொங்கவிட்டு விளக்கை மறைத்துச் செல்வோர் நம்மிடையே உண்டு. விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. எதிரே வருபவர் கண்ணில் அது பட வேண்டும்.