கடலோடு போட்ட கணக்கு

மற்றவர்களின் வரவு செலவைச் சரிபார்ப்பது என் தொழில். நாம் குடியேறி வாழும் இந்த நெதர்லாந்து, கடலை எதிர்கொள்ளப் போட்ட ஒரு கணக்கை இன்று உங்களோடு சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

1953 ஜனவரி 31 இரவு, வடகடற் புயலும் பௌர்ணமியை அடுத்த கடற்பெருக்கும் ஒன்றுசேர்ந்தன. தென்மேற்கில் அணைகள் உடைந்து 1,836 பேர் மாண்டார்கள். அதிகமானோரை இழந்தது சீலாந்து மாகாணம்.

அந்தப் பெப்ரவரியிலேயே டெல்டா ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அணையை எவ்வளவு உயர்த்துவது என்பதே கேள்வி. கணிதப் பேராசிரியர் வான் டான்ட்சிக் இதை ஒரு வரவு செலவுக் கணக்காகப் பார்த்தார். அணை உயர உயரக் கட்டும் செலவு கூடும். எதிர்பார்க்கும் வெள்ள நட்டம் குறையும். இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ, அதுவே சரியான உயரம். நிலம் தாழ்ந்துகொண்டே போவதையும் அவர் கணக்கில் சேர்த்தார்.

செல்வம் குவிந்த மத்திய ஹாலந்துக்கு, 10,000 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்கும் காப்பு விதிக்கப்பட்டது. சீலாந்துக்கு 4,000 ஆண்டு. கூட்டலில் பிழையில்லை. ஆனால் அதிகம் இறந்த மண்ணுக்குக் குறைந்த காப்பு!

கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தை முழுதாக அடைக்கவும் திட்டமிட்டார்கள். சிப்பி வளர்ப்போரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தார்கள். எழுபதுகளில் திட்டம் மாறியது. மிக அதிக செலவில், 62 கதவுகளோடு, 1986 இல் திறந்துமூடும் தடுப்பு எழுந்தது. சிப்பிகளும் ஏட்டில் ஏறின.

மனித உயிருக்குத் தனி நிரல் திறக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த அணைக்குப் பின்னால் வாழ்பவரானாலும், வெள்ளத்தால் இறக்கும் ஆபத்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. 2050 க்குள் அணைகள் அந்த அளவை எட்டவேண்டும்.

இதற்கிடையில் கடலும் உயர்கிறது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு மீட்டருக்கு மேலும் உயரக்கூடும் என்று இந்நாட்டு வானிலை நிறுவனம் 2023 இல் எச்சரித்தது. அடுத்த கணக்கு இப்போதே எழுதப்படுகிறது.

என் வீட்டு வாசலும் கடல் மட்டத்துக்குக் கீழேதான். நீர்ச்சபை வரித்துண்டு வரும்போது நானும் முணுமுணுப்பதுண்டு. கணக்குப் பார்க்காமல் அணை கட்ட முடியாதுதான். ஆனால் கூட்டுத்தொகையைப் பார்க்குமுன், எந்தெந்த நிரல்கள் திறக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். நான்காண்டுக்கு ஒருமுறை நீர்ச்சபைத் தேர்தல் வருகிறது. வாக்குள்ள நேயர்கள் அன்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.