பாமினிக் கோப்புகளைக் கரைசேர்த்த கருவி

மாத்தளை அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம் ஏட்டில் ஏறியது. ஓதுவோர் பஞ்சத்தில் மடிந்தால் நூலும் மடியுமே என்ற அச்சம்.

அவ்வூர்ச் செய்தியாளனான எனக்கும் ஓர் அச்சம் இருந்தது. பாமினி எழுத்துருவில் நான் தட்டச்சிட்ட கட்டுரைகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தன. பாமினியில் ‘அ’ அமர்ந்திருந்தது ஆங்கில ‘எம்’மின் இடத்தில்! யுனிகோடு 1991இலேயே தமிழுக்குத் தனியிடம் தந்தது. பழைய கோப்புகள் தாமாக மாறுமா?

ஆர்வலர்களே கைகொடுத்தனர். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றி அத்தகையது, இலவசம். ‘கெ’ என்பதில் கொம்பை முன்னே வைப்பது பாமினி. ககரத்தின் பின்னே வைப்பது யுனிகோடு. மாற்றி அவ்வரிசையையும் திருப்பவேண்டும். கட்டுரை நடுவே வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகிவிடும். அவற்றை நான் கையாலேயே திருத்தினேன்.