ஏழு கேள்விக்குறிகள்

பதினொன்றாம் வகுப்பில் மகளுக்குப் பைத்தான் பாடம். "அப்பா, எந்த எடிட்டர் போடட்டும்?" என்று கேட்டாள். எதில் எழுதினால் என்ன, நோட்பேடே போதுமே என்று சொல்ல வாயெடுத்தேன். சமையலறையிலிருந்து தங்கமணி எட்டிப் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அந்தப் பார்வைக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்ற வேண்டும்.

2014. நாக்பூருக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் சந்தாக் கணக்கை, ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாமா ஒருவர் நீள நோட்டில் எழுதி வந்தார். பெயர், சொந்த ஊர், தொகை. மொத்தம் 112 வரிகள். அதில் பாதிப் பேர் நான் பிறப்பதற்கு முன்பே இங்கே வந்தவர்கள். எனக்கு அப்போதுதான் பைத்தான் ஆசை பிடித்திருந்தது. பட்டியலை ஏற்றிவிட்டால் ரசீதைத் தானே அடித்துத் தரும்படி ஒரு சின்ன நிரல் எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். படித்தது பி.காம்., ஆசைக்கு மட்டும் குறைச்சலில்லை :-)

இரண்டு இரவு உட்கார்ந்து நோட்பேடில் அடித்தேன். சேமிக்கும்போது ஏதோ ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் 'ஓகே' அமுக்கினேன். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று தினமும் கவுன்ட்டரில் சொல்கிற ஆசாமி நான்!

ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. 251, 501 என்று தொகைகள் மட்டும் பத்திரமாக இருந்தன. பணம் இருக்கிறது, ஆட்களைக் காணோம். மாமாவிடம் ஓடினேன். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியேப்பா" என்றார். நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டிருந்தது.

கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தேன். முருகனுக்கு 7. கால், கொம்பு, புள்ளி எல்லாம் கணினிக்குத் தனித்தனிக் குறிகள் என்பதால் அந்தக் கணக்கு. சரி, எண்ணியே ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தால், சங்கரனுக்கும் அதே 7.

இந்தக் கேள்விக்குறி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் எடிட்டர்களின் கதைக்குள் விழுந்தேன்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் 'எட்' என்ற எடிட்டரை எழுதினார். அப்போது திரை கிடையாது. டெலிடைப் என்னும் தட்டச்சு இயந்திரம் காகிதத்தில் அடித்துக் காட்டும். அந்த நாளில் பரவலாக இருந்த மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் செலவு. அதனால் 'எட்' வாயே திறக்காது. நீங்கள் தப்பு செய்தால் ஒரே ஒரு '?' போடும். என்ன தப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1976 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 'வீ-ஐ'யை எழுதினார். இப்போது திரை வந்துவிட்டது. ஆனால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்த மோடம் நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் கடத்தும். 80 எழுத்து வீதம் 24 வரி கொண்ட திரையை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒற்றை எழுத்துக் கட்டளைகள். அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் (நம் பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல!) அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. அந்த முனையம் காயலான் கடைக்குப் போன பிறகும் அந்த நான்கு விசைகள் போகவில்லை. 1991-ல் பிராம் மூலெனார் வெளியிட்ட 'விம்'மிலும் அவைதான் நகர்த்தும். நெதர்லாந்துக்காரரான அவர் மென்பொருளுக்குக் காசு கேட்கவில்லை. உகாண்டாவின் அநாதைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். 2023-ல் காலமானார்.

அதே 1991-ல்தான் கைடோ வான் ராஸம் பைத்தானை வெளியிட்டார். இதில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. டேப் விசையை ஓர் எடிட்டர் 4 இடமாகக் காட்டும், இன்னொன்று 8 இடமாகக் காட்டும். பழைய பைத்தானில் கண்ணுக்கு நேராகத் தெரிகிற வரி வேறு பொருளில் ஓடிவிடும். பைத்தான் 3, அப்படிக் குழப்பமாகக் கலந்திருந்தால் ஓடவே மாட்டேன் என்று நின்றுவிடும். நல்ல காஷியர் மாதிரி.

என் கேள்விக்குறிக்கு வருகிறேன். அன்றைய நோட்பேட் தானாகச் சேமித்தது 'ஆன்சி' என்ற முறையில். என் கணினியில் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பட்டியல். தமிழுக்கு அதில் இடமில்லை. இடமில்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு '?'. எச்சரிக்கையில் அதைத்தான் சொல்லியிருந்தது. 2019-ல் வந்த விண்டோஸ் 10 புதுப்பித்தலில்தான் நோட்பேட் யுடிஎஃப்-8 முறைக்கு மாறியது.

அந்த யுடிஎஃப்-8 யார் வேலை தெரியுமா? அதே கென் தாம்ஸன்! 1992-ல் நியூ ஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் ராப் பைக் கூட இருக்க அதை வரைந்தாராம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பழைய ஆங்கிலக் கோப்புகள் எதுவும் கெடவில்லை, எங்கள் முருகனுக்கும் இடம் கிடைத்தது.

இழந்ததை மீட்க ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை தங்கமணியோடு ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனேன். போன இடத்திலெல்லாம் காபி, ஊர்க்கதை. 109 பெயர்கள் திரும்பக் கிடைத்தன. இரண்டு குடும்பங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் 501 கொடுத்தவர், 7 கேள்விக்குறிக்காரர். அவர் தவறிவிட்டார் என்று மட்டும் மாமா சொன்னார். பெயர் மாமாவுக்கும் நினைவில்லை.

மகளுக்கு முதலில் பைத்தானோடு கூடவே வரும் 'ஐடில்' போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு அது தாராளம். நிரல் பெரிதான பிறகு, 2015-ல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு மாறினாள். எனக்கு அதில் பிடித்தது அடிப்பட்டை. இடைவெளி 4, யுடிஎஃப்-8 என்று இரண்டு விஷயத்தையும் கண்ணெதிரே எழுதி வைத்திருக்கிறது. 2014-ல் நான் தொலைத்தது இந்த இரண்டாவதைத்தான்.

போன வாரம் பட்டியலை அவளிடமே கொடுத்தேன். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் ஞானசேகரனுக்கு முன்னால் ஜெயராமன் வந்து நிற்கிறார். யூனிகோடு வரிசை அப்படி. "நம்ம வரிசையை நானே எழுதிக்கறேம்பா" என்று உட்கார்ந்திருக்கிறாள். அந்த 7 கேள்விக்குறி வரியை அழிக்கட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.